ஒரகடம் ஷெட்டில் ஒரு பாதாள ஸ்டேஷன்

புகை போடப்போகிற இடத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஆள் அழைத்தவள், எனக்குத் தெரிந்து, என் மனைவி மல்லிகா ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்ணூரில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நின்று, குடங்களெல்லாம் வீட்டுக்குள் போய்விட்ட நேரம். அவள் கையில் எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ். தலையில் இரண்டு முழம் கதம்பம். அவள் முன்னே போக, நான் வேண்டாவெறுப்பாகப் பின்னால் போனேன்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து குங்குமம் எடுத்துக்கொண்டாள்.

“இன்னாடி மல்லிகா, வூட்ல விசேஷமா? சொல்லவே இல்ல?”

“வூட்ல இல்லக்கா. ஒரகடத்துல, எங்க ஸ்டேஷன்ல. வர்ற வெள்ளிக்கிழம. வேன் வரும். குடும்பத்தோட வந்துடுங்க.”

“ஸ்டேஷன்ல இன்னா விசேஷம்?”

“புகை போடுவாங்க. மணி அடிக்கும். நாம எல்லாரும் வெளிய வந்துடணும். அவ்ளோதான்.”

கன்னியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மேலே போகிற கரண்டுக் கம்பியைப் பார்த்தேன். ஆனால் வெற்றிலை அவள் கைக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் வெற்றிலையை வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால், அது அழைத்தவளைச் செருப்பால் அடித்ததற்குச் சமம். மல்லிகாவுக்கு அது தெரியும். அதற்கு முந்தின வாரம் வெறுங்கையோடு போய்க் கேட்டபோது ஒருத்தரும் வருவதாக இல்லை. “புகைய போட்டு மயங்க வெச்சு கிட்னிய எடுத்துக்குவானுங்க” என்று தெருமுனையில் ஒருவர் சொல்ல, அது மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அதனால்தான் தாம்பாளத்தைத் தூக்கினாள்.

டவுட்டு ஏழுமலை

சென்ற வாரம் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு, “உமக்கு எதன் மேல்தான் ஐயா நம்பிக்கை?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் பெயர் ஏழுமலை. ஊரில் ‘டவுட்டு ஏழுமலை’ என்றால்தான் வழி காட்டுவார்கள்.

தப்பு என்மேல் இல்லை. ஒரகடத்தில் காருக்கு சீட்டு செய்கிற கம்பெனியில் நான் பார்த்த வேலை குவாலிட்டி. வருகிற ஒவ்வொரு சீட்டையும் இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தடவிப் பார்க்கவேண்டும். தையல் பிரிந்திருக்கும், போல்ட்டு ஆடும், ஒன்றுமில்லாவிட்டால் ஓரத்தில் கறையாவது இருக்கும். இப்படி எட்டு மணி நேரம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்ததும் சந்தேகத்தைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியுமா? கல்யாண வீட்டு வடையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் தின்பேன்.

மல்லிகா எனக்கு நேர் எதிர். கேட்டதை நம்புவாள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காக அசெம்பிளி லைனில் நின்றாள். ‘அடுத்த வருஷம் பர்மனென்ட்’ என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள், ஒவ்வொரு வருஷமும் நம்பினாள். கடைசியில் சின்னப் பெண்களை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கியபோது, “உங்களுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க” என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், கழுத்தில் மாட்டியிருந்த கான்ட்ராக்ட் கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “இதுல என் பேருக்கு மேல ஏஜென்சி பேரு எவ்ளோ பெருசா கீது பாரு” என்றாள். சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் கிடைத்ததுதான் இந்த ஷெட் வேலை. பெருக்கித் துடைக்கிற வேலை. அதுவும் கான்ட்ராக்ட்.

கூரை முதலில், குழி அப்புறம்

ஒரகடத்தில் ஸ்டேஷன் ஏது என்று கேட்பீர்கள். மூடிக்கிடந்த ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஷெட்டுக்குள் இருந்தது அது. சென்னை நகரத்துக்குள், கடைத்தெருவுக்கு அடியில் வரப்போகிற மெட்ரோ ஸ்டேஷனுக்கு இங்கே இரும்பிலும் பிளைவுட்டிலும் ஒரு மாதிரி கட்டியிருந்தார்கள். முழு ஸ்டேஷன் இல்லை, ஒரு துண்டுதான். ஆனால் அளவெல்லாம் அசல் அளவு. அங்கே கட்டி முடித்தபிறகு தப்பு என்று தெரிந்தால் கான்கிரீட்டை உடைக்கமுடியாது, அதனால் இங்கேயே நடந்து பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள் என்றாள் மல்லிகா.

எனக்கு அதுவே இடித்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நகரத்து ஸ்டேஷனுக்கு நகரத்தில் இடமில்லையா? ஜன்னல் இல்லாத ஷெட்டுக்குள் கட்டுவானேன்? ஒருநாள் அவளைக் கூப்பிடப் போகிற சாக்கில் நானே போய்ப் பார்த்தேன்.

நித்யா மேடம் என்று ஒருவர். ஸ்டேஷனை வரைந்த குழுவில் அவரும் ஒருவர். மல்லிகாவின் வீட்டுக்காரர் என்றதும் நாற்காலி போட்டு, மேஜையில் இருந்த தெர்மாகோல் மாடலைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாரே, எதற்காக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கேட்டேன்.

அந்த இடம் ஒரு காலத்தில் குளமாம். குளத்தைத் தூர்த்து மாட்டுவண்டி நிற்கிற இடமாக்கி, பிறகு பஸ் நிலையமாக்கி, அதைச் சுற்றிக் கடைகள் முளைத்தனவாம். ஸ்டேஷன் வரும் என்றதும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களாம். ஸ்டேஷன் வாசலை மட்டும் பலமுறை இடம் மாற்றி வரைந்தார்களாம். ஒருமுறை அரசமரத்துப் பிள்ளையாருக்காக, ஒருமுறை கடைகளுக்காக, ஒருமுறை யாருக்கும் தெரியாமல் அடியில் ஓடிக்கொண்டிருந்த பழைய சாக்கடைக்காக. தோண்டும்போது செங்கல்லால் கட்டிய பழங்கிணறு ஒன்று வந்து, அதிலிருந்து ஊறிய தண்ணீரை இறைத்தே பல நாள் போனதாம்.

“குளத்தத் தூர்த்த எடம். தண்ணி சும்மா வுடுமா மேடம்?” என்றேன்.

“அதனாலதான் சார் மொதல்ல சுவர்” என்றார். பூமிக்குள் ஆழமாக, குறுகலாக ஒரு பள்ளம் வெட்டுகிறார்கள். மண் சரியாமல் இருக்க அதில் களிமண் கரைசலை நிரப்பி, கம்பிக்கூண்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் போடுகிறார்கள். கரைசல் மேலே வழிந்துவிடும், சுவர் நின்றுவிடும். நான்கு பக்கமும் இப்படிச் சுவர் நின்ற பிறகு மேலே கூரை. கூரைமேல் ரோட்டைப் போட்டு வண்டியை விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் அடியில் மண்ணை எடுக்கிறார்கள். முதலில் டிக்கெட் வாங்குகிற தளம், அதற்கும் கீழே ரயில் நிற்கிற தளம்.

கூரையைப் போட்டுவிட்டு வீட்டைத் தோண்டுகிறார்கள்! எங்கள் ஊரில் எவனாவது இப்படிச் செய்தால் புத்தி தெளியட்டும் என்று குணசீலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வாசல் இன்னொரு கூத்து. பாதாளத்துக்குப் போகிறவன் முதலில் நாலைந்து படி மேலே ஏறவேண்டும், அப்புறம்தான் இறங்கவேண்டும். ஏன் இந்த வெட்டி வேலை என்றேன். மழைக்காலத்தில் தெருவில் ஓடுகிற தண்ணீர் உள்ளே விழாமல் இருக்க என்றார் மேடம். இதை மட்டும் நம்பினேன். ஏரி உடைந்த வருஷம் எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான்.

ஷெட்டில் நடுத்தளத்தை விட்டுவிட்டு இரண்டை மட்டும் கட்டியிருந்தார்கள். ஷெட்டின் தரை, பிளாட்பாரம். மாடியில் இருந்த பழைய ஆபீஸ் தளம், தெரு. தெருவிலிருந்து நாலைந்து படி ஏறி, பிறகு அகலமான படிக்கட்டில் பிளாட்பாரத்துக்கு இறங்கவேண்டும். பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் கண்ணாடிக் கதவுகள், அதற்கு அந்தப்பக்கம் ரயில் என்று நாமே நினைத்துக்கொள்ளவேண்டியது. பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு இரும்புக் கதவு. அதன்மேல் பச்சை விளக்குப் பலகை. ஓடுகிற மனிதன் படம்.

“ஆபத்துன்னா பாதிப் பேர் மெயின் படிக்கட்டு வழியா, பாதிப் பேர் இந்தக் கதவு வழியா வெளிய போகணும். அப்படி நெனச்சுத்தான் படிக்கட்டோட அகலத்தையே வெச்சிருக்கோம்” என்றார் மேடம். “நிஜ ஸ்டேஷன்ல இதுக்குப் பின்னால தனிப் படி மேல ஏறும். இங்க சின்ன நடைவழி. ஷெட்டோட சைடு கதவுல போய் முடியும்.”

ஜனங்கள் அப்படிப் போகிறார்களா என்று பார்க்கத்தான் புகை ஒத்திகை. நாடகத்தில் போடுகிற புகைதான், ஒன்றும் செய்யாது. ஆட்களை மல்லிகா சேர்க்கவேண்டும். பச்சை சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கதவருகே நின்று வழிகாட்டவேண்டும். நன்றாக நடத்திக் காட்டினால், அசல் ஸ்டேஷனில் உதவியாளராக எடுத்துக்கொள்ளச் சிபாரிசு. நிரந்தர வேலை. சட்டையில் அவள் பெயர் மட்டும் இருக்கும், ஏஜென்சி பெயர் இருக்காது.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் தோளை அழுத்திக்கொண்டே வந்தாள். “இந்த ஒரு தபா மட்டும் வாய மூடிகினு இருய்யா” என்றாள். அவள் அப்படி என்னிடம் எதையும் கேட்டதில்லை.

சாவி எங்கே இருக்கும்?

வாயை மூடிக்கொண்டேன். மனசை எதைக்கொண்டு மூடுவது?

அந்தப் பச்சைப் பலகையைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம். சீட்டுக் கம்பெனிக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. ஒரு பகல் ஷிப்டில் கழிவு ஸ்பாஞ்சு குவியலில் தீப்பொறி விழுந்துவிட்டது. ஸ்பாஞ்சு எரிந்தால் வருகிற புகையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தொண்டையில் கரித்துணியைத் திணித்த மாதிரி இருக்கும்.

பச்சைப் பலகைக் கதவுக்கு ஓடினோம். கதவின் கைப்பிடியில் சங்கிலி சுற்றி, திண்டுக்கல் பூட்டு. சாவி செக்யூரிட்டி பாக்கெட்டில். செக்யூரிட்டி டீக்கடையில். கடைசியில் ஜன்னலை உடைத்துக் குதித்தோம். என் கூட்டாளி சம்பத்துக்குக் கணுக்கால் போனது. இன்றைக்கும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். உயிர் போகவில்லை, அது யார் செய்த புண்ணியமோ.

அடுத்த வாரம் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. பழைய பலகையைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிதாக, பளிச்சென்று எரிகிற புதுப் பலகை மாட்டினார்கள். சங்கிலியும் புதுசு.

இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. எங்கள் பக்கத்தில் லைனில் நின்ற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதவு வைத்திருப்பார்கள். காப்பர் ஒயர் திருட்டுப் போகிறது, பையன்கள் பீடி குடிக்க நழுவுகிறார்கள் என்று ஏதாவது காரணம் இருக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. பச்சைப் பலகை என்றால் பூட்டிய கதவு என்று எங்கள் கால்களுக்கே தெரியும்.

மஞ்சள் தடவிய கடிகாரம்

வெள்ளிக்கிழமை வேனிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்த நித்யா மேடம், கையிலிருந்த லிஸ்ட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

நாற்பது பேரும் பட்டும் பாவாடையுமாக வந்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்தால் விசேஷம், புதுக் கட்டடத்தில் விசேஷம் என்றால் அது புதுமனை புகுவிழா. தெருவே கூடிப் பேசி அப்படித்தான் முடிவு செய்திருக்கிறது. வாழைப்பழத் தட்டு, ஒரு குத்துவிளக்கு, பரிசாக, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சுவர்க்கடிகாரம் ஒன்று. கன்னியம்மாள் பால் காய்ச்சப் பாத்திரமே கொண்டுவந்துவிட்டாள்.

“அடுப்பு எங்கம்மா கீது?” என்று மேடத்தையே கேட்டாள்.

மல்லிகா அவளை இழுத்து அந்தப்பக்கம் விட்டாள். மேடம் கடிகாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எல்லாரும் மாடிக்கு ஏறி, ஸ்டேஷன் வாசலை அடைந்து, ஒழுங்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வைத்து உள்ளே இறங்கினார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கழற்றித்தான் போட்டேன்.

மணி அடித்தது. வெள்ளைப் புகை தரையிலிருந்து எழும்பியது. நாடகப் புகைதான் என்று நாற்பது பேருக்கும் தெரியும். ஆனால் புகை கண்ணை மறைத்ததும் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. பிளாட்பாரக் கோடியில் மல்லிகா நின்று, “இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் தலைக்குமேல் பச்சை விளக்கு பிரகாசமாக எரிந்தது.

ஒருத்தரும் போகவில்லை. மொத்தக் கூட்டமும் வந்த வழியே படிக்கட்டில் ஏறியது. மேலே போனவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். செருப்பு! எண்பது செருப்பு குவியலாகக் கிடக்க, ஒவ்வொருத்தரும் குனிந்து தன்னுடையதைத் தேடினார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் மோதினார்கள். படிக்கட்டு அடைத்துக்கொண்டது. கீழே இருந்தவர்கள் புகைக்குள் இருமிக்கொண்டு நின்றார்கள்.

நான் படிக்கட்டின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது புகை கொஞ்சம் விலகியது. இரும்புக் கதவு திறந்துதான் இருந்தது. பின்னால் வெயில்கூடத் தெரிந்தது. பச்சைச் சட்டையில் மல்லிகா தனியாக நின்று, கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கட்டின புருஷன் நானே போகவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மணியை நிறுத்தினார்கள். மேடத்தோடு வந்திருந்த மேலதிகாரி ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அவர் சொன்ன முடிவு: அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்பது, அப்போதும் இப்படியென்றால் நகரத்திலிருந்து பயிற்சி பெற்ற ஆட்களை ஏஜென்சி மூலம் கொண்டுவருவது, வழிகாட்டவும் அவர்களே. அதாவது மல்லிகா பழையபடி துடைப்பத்தை எடுக்கலாம்.

வேனில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மண்ணூர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

சங்கிலி

இரண்டாவது தடவை யார் வருவார்கள்? வெற்றிலையை ஒருமுறைதான் வைக்கமுடியும். அதோடு அன்று நடந்த அமளியில் செருப்புகள் மாறிப்போயிருந்தன. பாதிப் பேர் ஜோடி சேராமல் வெறுங்காலோடு வீடு வந்தவர்கள்.

“எம் புதுச் செருப்பு ஒத்த கால் போச்சுடி. அத்த மொதல்ல குடு, அப்பறம் ஸ்டேஷனப் பேசு” என்றாள் கன்னியம்மாள்.

மல்லிகா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எல்லாத்தையும் ஷெட்டுலயே பத்திரமா வெச்சிருக்கேன்க்கா. வெள்ளிக்கிழம வேன்ல வந்து அவங்கவங்க ஜோடிய எடுத்துக்குங்க.”

அந்த வெள்ளிக்கிழமை வேனில் நிற்க இடமில்லை.

நான் அவளோடு காலையிலேயே போய்விட்டேன். முதல் வேலையாக இரும்புக் கதவைத் தள்ளிப் பார்த்தேன், திறந்தது. நடைவழியில் போய் ஷெட்டின் சைடு கதவைத் தள்ளினேன், திறந்தது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தள்ளினேன். சைடு கதவு அசையவில்லை. கைப்பிடியில் சங்கிலி. பூட்டு.

மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. செக்யூரிட்டி முனுசாமியைத் தேடிப் பிடித்தோம். அந்த ஷெட் கம்பெனியாக இருந்த காலத்திலிருந்தே வாசலில் நிற்கிற மனுஷன். கம்பெனி போய்விட்டது, அவர் போகவில்லை.

“அண்ணே, சைடு கதவ ஏன்ணே பூட்டுனீங்க?”

“டெய்லி இந்நேரத்துக்குப் பூட்டறதுதானேம்மா. ஷிப்டு மாறும்போது ஆளுங்க அந்தப் பக்கம் நழுவுவாங்க.”

“இங்க ஏதுண்ணே ஷிப்டு?”

முனுசாமி விழித்தார். அப்போதுதான் அது அவருக்கே உறைத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “உள்ள கேபிள் கெடக்குது. ஒண்ணு போச்சுனா இன்னாத்துக்கு நீ கீறன்னு என்னத்தானே கேப்பாங்க?”

“போன வாரம் தெறந்துதானே இருந்துச்சு?”

“அன்னிக்கு எனக்கு லீவும்மா.”

நான் நேராக மேடத்திடம் போகலாம் என்றேன். மல்லிகா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “போனா அந்தாளுக்கு வேல போயிடும். ரெண்டு பொண்ணு வெச்சிருக்காரு” என்றாள். அவர் பக்கம் திரும்பி, “அண்ணே, பூட்டையும் சங்கிலியையும் கழட்டி எங் கையில குடுங்க. கேபிள் போச்சுனா மல்லிகாதான் தெறந்தான்னு சொல்லுங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மணி அடித்தது. புகை எழும்பியது. இந்தத் தடவை எல்லாருக்கும் முன்கூட்டியே கதவைக் காட்டி, இப்படித்தான் போகவேண்டும் என்று மைக்கில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். செருப்பும் காலிலேயே இருந்தது. இருந்தும் புகை முகத்தில் அடித்ததும் கூட்டத்தின் தோள்களெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. படிக்கட்டுப் பக்கம். கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்த நானும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தேன்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம். சலங், சலங் என்று இரும்புச் சங்கிலியை உலுக்குகிற சத்தம்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மல்லிகா ஒரு கையில் சங்கிலியையும் இன்னொரு கையில் பூட்டையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“பூட்டு எங் கையில கீது! சங்கிலி எங் கையில கீது! கதவு தெறந்து கீது, வாங்கடி! யக்கா, வா!”

கன்னியம்மாள்தான் முதலில் திரும்பினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் பாதிக் கூட்டம். மீதிப் பேர் படிக்கட்டில் தாராளமாக ஏறிப் போனார்கள். நான் கதவு வழியாகப் போனேன். கடக்கும்போது மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். வியர்வையும் புகையும் கண்ணீருமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் கைதட்டினார். மேலதிகாரிக்கும் திருப்தி. மைக்கில் முன்கூட்டிச் சொன்னதுதான் வேலை செய்திருக்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். மாடியில் நின்ற அவர்களுக்குப் புகையில் சங்கிலி தெரிந்திருக்காது, மணிச் சத்தத்தில் அவள் கத்தியதும் கேட்டிருக்காது. மல்லிகா மேடத்திடம் ஒன்றுதான் கேட்டாள்: “அசல் ஸ்டேஷன்ல அந்தக் கதவ யாரும் பூட்ட முடியாத மாதிரி செய்வீங்களா மேடம்?”

“அதுல பூட்டே கெடையாதும்மா. உள்ளருந்து தள்ளினாத் தெறக்கும், ஒடனே அலாரம் அடிக்கும்” என்றார் மேடம்.

நல்லதுதான். ஆனால் சங்கிலி சுற்றுவதற்குக் கதவில் பூட்டு இருக்கவேண்டுமா என்ன?

அசல் ஸ்டேஷன்

மல்லிகாவுக்கு வேலை கிடைத்தது. இதை எழுதும்போதுகூட ஒரு தடவை நிறுத்தி, உண்மைதானா என்று யோசிக்கிறேன். சட்டையில் தமிழில் அவள் பெயர். அதற்குமேல் எந்தப் பெயரும் இல்லை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலை வாருவதுபோல் பாவனை செய்தாள்.

ரயில் ஓட ஆரம்பித்துச் சில மாதம் கழித்து, ஒரு மாலை அவளுக்குத் தெரியாமல் போனேன். நாலைந்து படி ஏறினேன், இறங்கினேன், மறுபடி இறங்கினேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. குளத்துத் தண்ணீர் எங்காவது கசிகிறதா என்று சுவரைத் தடவினேன், உலர்ந்திருந்தது. தலைக்குமேல் கடைத்தெரு இருக்கிறது, பஸ் ஓடுகிறது என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிளாட்பாரக் கோடிக்குப் போனேன். இரும்புக் கதவு, பச்சைப் பலகை. நின்று பார்த்தேன். இந்தப்பக்கம் சங்கிலி இல்லை. அந்தப்பக்கம்? அது எனக்கு எப்படித் தெரியும்?

தள்ளினேன்.

அலாரம் அலறியது. ஜனங்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி என்னை முறைத்தார்கள். இரண்டு காவலர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால், வாக்கி-டாக்கியும் கையுமாக மல்லிகா. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“சார், இது அவசரத்துக்கு மட்டும்தான். இப்படித் தொடக்கூடாது” என்றாள், யாரோ எவரோ என்கிற மாதிரி. காவலர்களிடம், “நான் பாத்துக்கறேன், நீங்க போங்க” என்றாள். அலாரத்தை நிறுத்தினாள். தூணுக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். விழப்போகிற திட்டுக்கெல்லாம் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தெறந்துச்சா?” என்றாள் மெதுவாக.

“தெறந்துச்சு.”

“முழுசாவா? மேல படி வரைக்கும் பாத்தியா?”

“பாத்தேன். வெளிச்சம் தெரிஞ்சுது.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். ரயில் வந்து நின்றது, கண்ணாடிக் கதவுகள் திறந்தன, கூட்டம் இறங்கி எங்களைத் தாண்டிப் போயிற்று. அது போகும்வரை காத்திருந்தாள்.

“காலையில டியூட்டிக்கு வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு நானே தள்ளிப் பாத்துடுவேன்” என்றாள். “நாளைக்கு எனக்கு லீவு. நீ வந்து ஒரு தபா தள்ளிப் பாத்துட்டுப் போ.”